திரை வரலைன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தமா?

கையடக்க கணினி என்று சொன்னால் இன்றைக்கு எல்லாரும் மொபைலைத் தான் காட்டுவார்கள். மொபைலுக்கு முன்னால் அந்தப் பெயருக்கு சொந்தக்காரர்கள் வேறு. பாம், ஐபேக், சையன் என்று ஒரு கூட்டமே இருந்தது. பிடிஏ என்பார்கள். சிம் கார்டு கிடையாது, கேமரா கிடையாது (பின்னால் வந்த சிலவற்றில் உண்டு). முகவரி, நாட்குறிப்பு, கால்குலேட்டர், ஒரு குட்டி பிளாஸ்டிக் குச்சி, அவ்வளவு தான். சட்டைப் பையில் அது எட்டிப் பார்த்தால் ஆளைப் பார்த்து நாலு பேர் "சார்" போடுவார்கள்.

இந்த ஜாதி மெஷின்களுக்கு வயசான பிறகு வருகிற முதல் வியாதி, திரை வெறிச்சென்று ஆவது. பட்டனை அமுக்கினால் ஒன்றும் வராது. பார்த்தவுடன் வீட்டில் உள்ளவர்கள் "போச்சு, தூக்கிப் போடு" என்பார்கள். அது அவசரத் தீர்ப்பு. திரை வரவில்லை என்பதற்கு குறைந்தது மூன்று அர்த்தம் உண்டு. கரண்ட் போகவில்லை, அல்லது கரண்ட் போகிறது ஆனால் உள்ளே புரோகிராம் உறைந்து நிற்கிறது, அல்லது உள்ளே எல்லாம் சௌக்கியமாக ஓடுகிறது, திரைக்கு மட்டும் தான் கோளாறு. கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர் கையில் இருக்கும் டிக்கெட் மெஷினும் ஒரு கையடக்க கணினி தான். அது திடீரென்று வெளிறிப் போனால் கண்டக்டர் முதலில் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தொடையில் ரெண்டு தட்டு தட்டுவார். சிரிக்க வேண்டாம், மூன்றாவது காரணத்துக்கு அது ஒரு மாதிரி வைத்தியம் தான் :)

பழைய பாம் மாதிரி மெஷின்களில் இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கை வைப்பது ஆபத்து. காரணம், அதன் ஞாபகம் இருக்கும் இடம். இன்றைய மொபைலில் சார்ஜ் சுத்தமாக இறங்கினாலும் போட்டோ போகாது. எல்லாம் ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது. 1999-ல் வந்த பாம் III எக்ஸை எடுத்துக்கொண்டால், அதன் இயங்குதளம் மட்டும் தான் ஃபிளாஷில். நீங்கள் எழுதியது எல்லாம் 4 எம்பி ராமில். ராமுக்கு எப்போதும் கொஞ்சம் கரண்ட் வேண்டும், அதைக் கொடுப்பது ரெண்டே ரெண்டு ரிமோட் செல். செல் மாற்றும்போது உள்ளே ஒரு கெப்பாசிட்டர் தாங்கிப் பிடிக்கும். எவ்வளவு நேரம்? ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் புது செல் உள்ளே போகவில்லை என்றால் மெஷினுக்கு எல்லாம் மறந்து விடும். சீரியல் கேபிள் வழியாக கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்து வைப்பது தான் இதற்கு வழி, அதை ஹாட்சிங்க் என்பார்கள். ஆனால் வருஷக்கணக்கில் எத்தனை பேர் விடாமல் அதைச் செய்தார்கள்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரியவரிடம் அப்படி ஒரு பாம் III எக்ஸ் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மச்சினன் 2000-ல் வாங்கி வந்து கொடுத்தது. ஆரம்பத்தில் அவர் அதை ஒரு விளையாட்டுச் சாமான் போல வைத்திருந்தார். 2001 மார்ச்சில் மனைவிக்கு சர்க்கரை என்று தெரிந்த பிறகு தான் அதற்கு வேலை வந்தது. மாதத்துக்கு ஒரு மெமோ. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, எத்தனை யூனிட் இன்சுலின், என்ன சாப்பிட்டார், கூடவே அன்றைக்கு அந்த அம்மா சொன்ன ஒன்றிரண்டு வார்த்தை. பாமில் தமிழ் வராது. கிராஃபிட்டி என்று அதற்கென்றே ஒரு கோட்டெழுத்து உண்டு, அதில் இங்கிலீஷ் எழுத்தை வைத்து தமிழை எழுதினார். அந்த அம்மா 2007 ஜனவரியில் இறந்து போனார். அதோடு எழுதுவதும் நின்றது.

ஆனால் செல் மாற்றுவது நிற்கவில்லை. மாதம் பிறந்தால் ஒண்ணாந்தேதி, பீரோவைத் திறந்து பழைய செல்லை எடுத்து புது செல் போட்டு, ஆன் செய்து பார்த்து, திரும்ப துணியில் சுற்றி வைத்து விடுவார். படிப்பது கூட கிடையாது. காப்பி எடுத்த கம்ப்யூட்டர் எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. கடலூர்க்காரர்களுக்கு அதைப் பற்றி சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு படுத்துவிட்டன, மின்கம்பங்கள் வரிசையாக சாய்ந்தன, மாவட்டத்தில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. பெரியவர் வீட்டில் ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் போனது. ரெண்டு நாளில் ஒண்ணாந்தேதி. வழக்கமாக வாங்கும் அல்கலைன் செல் எந்தக் கடையிலும் இல்லை. டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் ஊரே செல் வாங்கிக்கொண்டிருந்த நேரம். கடைசியில் கிடைத்தது கடிகாரத்துக்குப் போடும் சாதா வகை. ஈரத் துணியிலிருந்து மெஷினை எடுத்து, துடைத்து, அதைப் போட்டு ஆன் செய்தார். திரை வரவில்லை.

அவர் தம்பி மகன் அப்போது சிதம்பரத்தில், அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். போன் லைன் கிடைத்த அன்று பெரியவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வியே இது தான்.

"தம்பி, அந்த பாம்ல ஸ்கிரீன் வரலப்பா. திரும்ப செல்லை கழட்டிப் போடட்டுமா?"

"வேணாம் பெரியப்பா. செல்லை தொடாதீங்க. ஒரு பட்டனும் அமுக்காதீங்க. பொங்கலுக்கு நான் வரேன்."

"அதுக்குள்ள செல் தீந்துடாது?"

"ஆன் பண்ணாம வச்சா தீராது."

நல்ல பதில். அந்தப் பையனுக்கு அப்போது பாம் பற்றி பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாததில் கை வைக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது. (இந்த ஒரு குணம் இல்லாததால் எத்தனை ஹார்ட் டிஸ்க் போயிருக்கிறது!)

விடுதியில் விசாரித்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதில் பெரும்பான்மை, "ரீசெட் பண்ணுடா" தான். இங்கே தான் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பாமின் முதுகில் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை இருக்கும். அதில் குத்தினால் சாஃப்ட் ரீசெட், புரோகிராம் மறுபடி ஆரம்பிக்கும், எழுதினது போகாது. ஆனால் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அதே ஓட்டையில் குத்தினால் ஹார்ட் ரீசெட். அது எல்லாவற்றையும் அழித்து விடும். அழிப்பதற்கு முன்னால் நியாயமாக ஒரு கேள்வி கேட்கும், அழிக்கலாம் என்றால் மேல்நோக்கிய பட்டனை அமுக்கு, வேண்டாம் என்றால் வேறு எதையாவது அமுக்கு என்று. எங்கே கேட்கும்? திரையில்! திரை தெரியாதவன் அந்தக் கேள்வியை எப்படிப் படிப்பான்? என்ன ஆச்சு என்று தெரியாமல் அவன் நாலு பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்குவான். அதில் ஒன்று மேல்நோக்கிய பட்டனாக இருந்தால் கதை முடிந்தது.

இது பாமுக்கு மட்டும் உள்ள சாபம் இல்லை. ஐபேக்கிலும் அப்படித் தான், செல்லுக்கு பதில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி, அது முழுசாக இறங்கினால் ராமில் இருந்தது எல்லாம் காலி. 2004-ல் வந்த ட்ரியோ 650, 2005-ல் வந்த விண்டோஸ் மொபைல் 5 காலத்தில் தான் எழுதியதை ஃபிளாஷிலேயே வைக்கும் புத்தி வந்தது.

அந்த புத்தி ஒரு வகையில் நம் ஊரில் முன்பே இருந்தது என்பது தான் வேடிக்கை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் என்று சில பேராசிரியர்களும், என்கோர் என்ற நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து 1999-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். 2001 ஏப்ரலில் அவர்கள் காட்டிய மெஷின் தான் சிம்ப்யூட்டர். ஐபேக்கில் இருந்த அதே ஸ்ட்ராங்ஆர்ம் சிப், உள்ளே லினக்ஸ், இந்திய மொழியில் எழுத்து, வாசித்துக் காட்டும் குரல். எல்லாவற்றையும் விட முக்கியம், அதில் ஸ்மார்ட் கார்டு போட ஒரு இடம் இருந்தது. ஒரு கிராமத்துக்கு ஒரு சிம்ப்யூட்டர் இருந்தால் போதும், ஆளுக்கு ஒரு கார்டு, அவரவர் விவரம் அவரவர் கார்டில் என்பது திட்டம். வாங்க முடியாதவனும் வாடகைக்கு எடுத்து கார்டைச் சொருகி வேலையை முடித்துக்கொள்ளலாம். இதை எல்லாரும் விலை குறைக்கும் தந்திரமாகத் தான் பார்த்தார்கள். பெரியவர் கேஸில் இருந்து பார்த்தால் அதில் இன்னொரு நன்மை தெரிகிறது. மெஷினின் திரை போனால் போகட்டும், கார்டை எடுத்து அடுத்த மெஷினில் போட்டால் ஆச்சு. ஞாபகம் ஒரு இடம், முகம் ஒரு இடம்.

அது ஏன் ஜெயிக்கவில்லை என்பது தனிக் கட்டுரைக்கு உரிய சமாசாரம். 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா சிம்ப்யூட்டர் கடைக்கு வந்தபோது தொடக்க விலை 9,950 ரூபாய். சாயாத திரை சாய்த்தால் திரும்புவது மாதிரி, அசைவைத் தெரிந்துகொள்ளும் வசதி கூட அதில் இருந்தது, ஐபோனுக்கு மூன்று வருஷம் முன்னால். ஆனால் அதற்குள் செல்போன் விலை இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்தது பல ஆயிரம், விற்றது சில ஆயிரம் தான். அரசாங்கம் மொத்தமாக வாங்கும் என்று காத்திருந்ததில் காலம் போனது என்று சொல்லலாம். மஞ்சக்குப்பம் பெரியவரின் மனைவி பேசிய தமிழை தமிழாகவே எழுதி வைக்க ஒரு இந்திய மெஷின் இருந்திருக்கலாம். இருந்ததோ கிராஃபிட்டி.

சரி, பொங்கலுக்கு வருவோம். பையன் சிதம்பரத்தில் பஸ் ஏறி பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று வழி நெடுக சாய்ந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தான். மெஷினை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனார்கள். அதற்கும் காரணம் உண்டு. பாமின் திரை இன்றைய மொபைல் திரை மாதிரி உள்ளிருந்து ஒளி விடுவது இல்லை. வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது. நல்ல வெயிலில் தான் அது நன்றாகத் தெரியும். மங்கலாக ஏதாவது இருந்தால் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம்.

முதலில் ஆன் செய்து, திரைக்குக் கீழே அச்சடித்திருக்கும் படங்களில் ஒன்றைக் குச்சியால் தொட்டான். "டிக்" என்று ஒரு சின்ன சத்தம். இன்னொன்றைத் தொட்டான். "டிக்."

"பெரியப்பா, உயிர் இருக்கு."

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதை யோசித்துப் பாருங்கள். கரண்ட் போகிறது, புரோகிராம் உறையவில்லை, தொடுவது உள்ளே தெரிகிறது. ஆக மூன்றில் முதல் ரெண்டு காரணமும் அடிபட்டுப் போச்சு. ரீசெட் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. ஆனால் ஞாபகம் இருக்கிறதா என்பதற்கு இது சாட்சி இல்லை. எல்லாம் அழிந்து புது மெஷின் மாதிரி ஆனாலும் அது "டிக்" என்று தான் சொல்லும்.

பவர் பட்டனை ரெண்டு விநாடி அமுக்கிப் பிடித்தான், பின்விளக்கு எரிகிறதா என்று கையால் நிழல் கட்டிப் பார்த்தான். லேசான பச்சை. உடனே அணைத்தான், அது செல்லைக் குடிக்கும். விளக்கு எரிகிறது, படம் இல்லை. அப்புறம் தான் இடது பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரம் கண்ணில் பட்டது. கான்ட்ராஸ்ட் சக்கரம். திரை கறுப்பாவதும் வெளுப்பதும் அதன் கையில். பாம் III வகையறாவில் திரை வெறிச்சென்று ஆனால் கடைசி வரை யாரும் பார்க்காத இடம் இது. துணியில் சுற்றும்போது, துடைக்கும்போது அதுவாக உருண்டுவிடும்.

உருட்டினான். ஒன்றும் இல்லை. அந்தக் கோடி வரை, இந்தக் கோடி வரை. ஒன்றும் இல்லை. கடற்கரை ஊரில் பத்து வருஷ உப்புக் காற்று, மேலே புயல் தண்ணீர் வேறு. உள்ளே தொடும் இடத்தில் பாசி மாதிரி பிடித்திருக்கும் என்று நினைத்து, ரேடியோவில் வால்யூம் கரகரத்தால் செய்வது போல விடாமல் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தான். இருபது, முப்பது தடவை இருக்கும். திரையில் ஒரு சாம்பல் அலை ஓடியது. பிறகு ஒரு கட்டத்தில் நின்றது.

இப்போது பார்க்க வேண்டியது ஒன்று தான். ராம் அழிந்திருந்தால் பாம் திறந்தவுடன் குச்சியை எப்படிப் பிடிப்பது என்று பாடம் எடுக்கும், குறுக்குக் கோட்டின் நடுவில் தொடு என்று கேட்கும். அப்படி எதுவும் இல்லை. மெமோக்களின் பட்டியல் இருந்தது. 71 மெமோ.

வேலை அதோடு முடியவில்லை. திரையின் ஓரமாக மேலிருந்து கீழ் வரை சில கோடுகள் செத்திருந்தன. திரையையும் போர்டையும் இணைக்கும் மெல்லிய பட்டை கொஞ்சம் விட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் அந்த இடத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. 138-ஆ 188-ஆ என்று எப்படிச் சொல்வது? பையன் மெனுவில் தேடி எழுத்து அளவை மாற்றினான். மூன்று அளவு உண்டு. அளவு மாறினால் எழுத்து நகரும், ஒன்றில் கோட்டுக்குள் ஒளிந்தது இன்னொன்றில் வெளியே வரும். மெமோவில் ஒரு எழுத்து கூட மாற்றாமல் படிக்க இது நல்ல உபாயம்.

காப்பி எடுக்க வழி? ஹாட்சிங்க் தொட்டிலும் இல்லை, இருந்தாலும் பையனின் லேப்டாப்பில் சீரியல் போர்ட் இல்லை. இன்னொரு பாம் இருந்தால் அகச்சிவப்பு கதிரில் அனுப்பலாம், அதற்கு ஊரெல்லாம் தேட வேண்டும். செல் இருக்கும் இடத்தில் ஸ்பிரிங் மேல் பழைய செல் கசிந்த வெள்ளைப் பொடி தெரிந்தது. அதைச் சுத்தம் செய்தால் தான் கரண்ட் நிலையாக இருக்கும். ஆனால் சுத்தம் செய்ய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் எல்லாம் போய்விடும். ஆக, எடுத்து எழுதுவது முதலில், வைத்தியம் பிறகு. ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார்கள்.

பெரியவர் படிக்க, பையன் தமிழில் எழுதினான். ரெண்டு நிமிஷம் தொடாவிட்டால் மெஷின் தானாக அணைந்து விடும், திரும்ப ஆன் செய்யும்போதெல்லாம் சக்கரத்தை நாலு உருட்டு உருட்ட வேண்டும். ஒரு நாளைக்கு பத்தொன்பது, இருபது மெமோ போனது. பெரும்பாலும் நம்பர் தான். 142, 210, இட்லி மூணு. நடுநடுவே, "இன்னிக்கு ஊசி போட வுடல", "மாம்பழம் ஒளிச்சு வச்சதுக்கு சண்டை", "தங்கச்சி வந்தா, நல்லா பேசினா". சில இடத்தில் பெரியவர் படிக்காமல் கொஞ்ச நேரம் இருந்து விட்டு, "இது வேணாம் தம்பி, தேதி மட்டும் போடு" என்றார். பையன் தேதி மட்டும் போட்டான். அவன் குனிந்து திரையைப் பார்க்கவும் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் 71-வது மெமோ முடிந்தது. பெரியவர் நோட்டை வாங்கி மாதங்களை விரல் விட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணி விட்டு, திரும்ப முதலில் இருந்து எண்ணினார். அடுப்படியில் இருந்து எலுமிச்சம்பழம் பாதி வெட்டி வந்திருந்தது, கசிந்த அல்கலைன் உப்புக்கு அந்தப் புளிப்பு தான் மருந்து. பஞ்சு சுற்றிய குச்சி, துடைக்க ஸ்பிரிட், புது அல்கலைன் செல் ரெண்டு.

"கழட்டலாமா பெரியப்பா?"

"கழட்டுப்பா."

பழுப்பு நிறமாக இருந்த ஸ்பிரிங் பளிச்சென்று வர பத்து நிமிஷம் பிடித்தது. காய வைத்து, புது செல்லைப் போட்டு, சக்கரத்தை உருட்டினார்கள். திரையில் குச்சியைப் பிடிக்கும் பாடம் வந்தது, அடுத்து ஒரு குறுக்குக் கோடு வந்து அதன் நடுவில் தொடச் சொன்னது. பையன் மெஷினைப் பெரியவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு, குச்சியை எடுத்துத் தொட்டார்.